ஓவியத்தின் முதுகு

ஆசியக் கலைச் சந்தையில் இப்போதெல்லாம் ஓவியத்தை முதன்முதலில் பார்க்கும் உரிமையைத் தனியாக ஏலம் விடுகிறார்கள். அதனால் படம் மாட்டுகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். சந்தை திறந்தபின் அவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. சிங்கப்பூரில் ஒன்பது வருடமாகப் படம் மாட்டும் சேவுகன் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. சென்ற வருடம் வியட்நாம் ஓவியர் ஹோவா, படம் மாட்டும் சேவுகனின் விரல்களையே அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

இந்த வருடம் ஹோவாவின் படத்தைத் தூக்கியபோது, பின்பலகையில் ஏதோ செதுக்கியிருப்பது கையில் தட்டுப்பட்டது.

“ஏன்ணே நின்னுட்டீங்க?” என்றான் மறுமுனையைப் பிடித்திருந்த மரியசூசை.

சேவுகன் அந்தச் செதுக்கலைத் தடவினார். கண்ணைக் கட்டிய துணி, அதன் முடிச்சு, மோவாயில் தழும்பு.

“எம் மூஞ்சிடா.”

பிறகு அந்த முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து, துளியும் சாயாமல் படத்தை மாட்டினார்.