பூசைப் பொட்டு

கோவில்பட்டிக்கு வெளியே, பழைய ஓடுதளத்தில் வெயில் சாய்கிறது. வானத்தில் முதல் சுற்றுக் குட்டிக்கரணங்களை முடித்த சிறிய விமானம் இறங்கி நிற்கிறது. சூடு தணியாத எஞ்சின் டிக் டிக்கென்று முனகுகிறது. வானத்தில் புரளும்போதெல்லாம் விமானம் ஒரு பக்கம் திரும்பும். மூக்கில் சுழலும் மர விசிறி அதோடு சேர்ந்து திரும்ப மறுத்து முரண்டு பிடிக்கும். அந்த இழுபறி முழுவதும் விசிறியின் அடிக்கட்டையில்தான் இறங்கும். அங்கேதான் நேற்று ஆயுத பூசைக்கு அப்பிய சந்தனப் பொட்டு காய்ந்திருக்கிறது. அதன் குறுக்கே மயிரிழையாய் ஒரு கீறல். "அண்ணாச்சி, அதத் தொடச்சுப் பாத்தியளா?" அடுத்த சுற்றுக்கு இருக்கையில் ஏறும்முன் கீறலைக் காட்டிக் கேட்கிறாள் விமானி சுதாராணி. "பூசைப் பொட்ட மறுநாளே அழிக்கக் கூடாதும்மா. சந்தனம் காஞ்சா வெடிக்கத்தான செய்யும்," என்கிறார் மெக்கானிக் வேல்ராஜ். வேலிக்கு அப்பால் வேடிக்கை பார்க்க வந்த தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளர்கள் விசிலடிக்கிறார்கள். எஞ்சின் உறுமுகிறது, விமானம் கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி மேலேறுகிறது. புழுதி அடங்குகையில், அது நின்ற இடத்தில் அந்தப் பொட்டு பெயர்ந்து கிடக்கிறது. வேல்ராஜ் குனிந்து எடுத்துத் திருப்புகிறார். சந்தனத்தின் அடியில் நக நீளத்துக்கு விசிறி மரத்தின் சிலாம்பு ஒன்று ஒட்டியிருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறார். கூட்டம் கைதட்ட, உச்சியில் விமானம் புரளத் தொடங்குகிறது.