சுகாதாரப் பாடம்

இராயப்பு மீன் வெட்டும் கத்தியோடு துறைக்கு வந்திருந்தான். பரராசசிங்கம் மாஸ்டர் அதைக் கண்டும் காணாதவர் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நெடுந்தீவில் பாதிச் சனம் துறையடியில் கூடியிருந்தது. ஆசுப்பத்திரி வள்ளம் கரையில் ஆடிக்கொண்டு நின்றது. வலைக் கொட்டிலுக்குள் இராயப்புவின் மனைவி மாக்கிறேற்றை டாக்குத்தர் சோதித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு கொழும்பிலிருந்து வந்த புதுப் பாடத்திட்டத்தால் வந்த வினை. மனப்பாடம் செய்து ஒப்புவித்தது போதும், பிள்ளைகள் தங்கள் வீட்டையும் ஊரையும் பார்த்துப் படிக்கட்டும் என்றது அது. மற்ற வாத்திமார் அதைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் வரிக்கு வரி நடத்தினார்.

சுகாதாரப் பாடத்தில் குஷ்டரோகம் வந்தது.

"தோல் வெளிறும். அந்த இடத்திலை சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. வீட்டிலை எல்லாரையும் பாத்து எழுதிக்கொண்டு வாருங்கோ" என்றார்.

இராயப்புவின் மகள் செசிலி உள்ளதை உள்ளபடி எழுதினாள். 'அம்மாவின் முதுகில் வெளிறிய தேமல் உண்டு. ஊசியால் குத்தினேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.'

மாஸ்டர் அவளுக்கு முழுப் புள்ளி போட்டார். அன்றைக்கே அரசாங்க டாக்குத்தருக்குக் கடிதமும் போட்டார்.

"வாத்தியார்." இராயப்பு கிட்ட வந்துவிட்டான். "என்னட்டை ரகசியமா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? வீட்டுக்குள்ளை வைச்சுப் பாத்திருப்பனே."

"சட்டம் அப்பிடி இல்லை, இராயப்பு. ஆருக்கு வந்தாலும் குஷ்டரோக ஆசுப்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும். என்ரை தாயெண்டாலும் நான் எழுதித்தான் இருப்பன்."

"அங்கை போனவை ஆரும் திரும்பி வந்தவையோ?"

இராயப்புவின் பிடி கத்தியில் இறுகியது.

துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஆச்சிமுத்து ஓடிவந்து இடையில் புகுந்தாள். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி வார்த்த தகரப் பேணியைச் சேலைத் தலைப்பால் பிடித்து மாஸ்டரிடம் நீட்டினாள்.

"இதைக் குடியுங்கோ, வாத்தியார். இராயப்பு, நீ போய் உன்ரை மனிசிக்குப் பக்கத்திலை நில்."

மாஸ்டர் பேணியை வாங்கிக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். கண் கத்தியை விட்டு அசையவில்லை.

இராயப்பு அவரையே சற்று நேரம் பார்த்தான். பிறகு கத்தியை மணலில் எறிந்துவிட்டுக் கொட்டிலை நோக்கி நடந்தான். மாஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கொட்டிலிலிருந்து டாக்குத்தர் வெளியே வந்தார். "ஓம், அதுதான்" என்றார்.

மாக்கிறேற் வள்ளத்தை நோக்கிப் போனாள். செசிலி தாயின் சேலையை விடவில்லை. இராயப்புதான் குனிந்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "தெரிஞ்சிருந்தால் நான் பொய் எழுதியிருப்பன், அம்மா. பொய் எழுதியிருப்பன்" என்று அவள் கத்தினாள்.

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்குத்தர் அவரிடம் வந்தார். "உங்களிலை பிழை இல்லை, மாஸ்டர். எல்லாப் பள்ளிக்கூடத்திலையும் இப்பிடி ஒரு வாத்தியார் இருந்தால்..."

பேச்சு பாதியில் நின்றது. டாக்குத்தரின் பார்வை ஆவி பறக்கும் பேணியில் விழுந்திருந்தது. கையை நீட்டி அதை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கையை உதறினார். பேணி விழுந்து தேத்தண்ணி மணலில் கொட்டியது.

ஏன் உதறினார் என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை.

டாக்குத்தர் மாஸ்டரின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் சிவந்து பொங்கியிருந்தது. பிறகு, சனத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாஸ்டர், நீங்களும் ஏறுங்கோ."