சிவப்புக் கோட்டின் முதுகு

மூச்சு விட்டாலே முதுகு எரிகிறது ஏலவார்குழலிக்கு. கும்பினிப் படை தோற்றோடிய புள்ளலூர்ச் சண்டையை நடித்துக் காட்டத் தைத்த கும்பினிச் சிப்பாயின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவள் புருஷன் ஏகாம்பரம் தறிக்குப் பக்கத்தில் விறைத்து நிற்கிறான். கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் பித்தளைப் பொத்தான்கள் கண்ணைக் குத்துகின்றன. அவள் அண்ணன் உதயகுமார் ஒரு கையில் போனும் மறு கையில் தீட்டிய வாளுமாக நெருங்குகிறான். போனில், இதற்கு மாதிரியான மியூசியத்துப் பழைய கோட்டின் படம். “வெட்டு முதுகுல இருக்குது மாப்ள. தோளுலேர்ந்து இடுப்பு வரைக்கும். திரும்புபா.” “முதுகுல வெட்டுப்பட்டவனா நான் வர மாட்டேன். மார்ல போடு.” “படத்துல இருக்கிறதுதான். ஓடுறவன வெட்டியிருக்கானுங்க.” “அப்போ கழட்டித் தரேன், கீழ வெச்சு வெட்டு.” “ஆளு உள்ள இருந்தாதான் நெஜமா கிழியும். நேத்து என் தங்கச்சி முதுகுல கழியால போட்டியே, அவ கோட்டா மாட்டிக்கினு இருந்தா?” வாள் நுனி ஒரு பொத்தானைத் தெறிக்க வைக்கிறது. அது தறிக்குழிக்குள் உருண்டு விழுகிறது. ஏகாம்பரத்தின் கை சுவரோரக் கழியைத் தேடுகிறது. கழியின் மேல் ஏலவார்குழலியின் கால் இருக்கிறது. “அண்ணா, வாள கீழ வை. இந்த வூட்ல அறுக்கிறது நானு.” தறியிலிருந்து புடவையை அறுத்தெடுக்கும் சின்னக் கத்தியை எடுக்கிறாள். அந்தக் கை ஓர் இழையைக்கூடத் தவறி அறுத்ததில்லை. இத்தனை வருஷமாக ‘இன்னாங்க’ என்றே கூப்பிட்டவள் புருஷனைப் பார்த்துச் சொல்கிறாள்: “திரும்பு.” அவன் திரும்புகிறான். கத்தி தோளில் இறங்கி, துணியை மட்டும் கிழித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக இடுப்புக்கு வருகிறது. பிளந்த சிவப்புக்குள் கீறல் படாத முதுகு நடுங்குகிறது. “படத்துல இருக்கிற மாதிரி இருக்குதா பாருண்ணா” என்கிறாள், கத்தியை அவன் இடுப்பிலிருந்து எடுக்காமல்.