செய்முறை நோட்டு

வேலைநீக்கக் கடிதத்தை மேனேஜர் சகாதேவன் நேற்றே டைப் அடித்து டிராயருக்குள் வைத்துவிட்டான். மில் முதலாளி ரேணுகாம்பாளின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குள் மேஸ்திரி ஆதிமூலத்தின் வாயிலிருந்து தொழிலை முழுசாகக் கறந்துவிட வேண்டும்.

"உக்காரு மேஸ்திரி. நெல்லு மூட்டை உள்ள வர்றதுலேர்ந்து அரிசி வெளிய போற வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லு. நோட்டுல எழுதப்போறேன்."

"இன்னாத்துக்கு சார்?"

"இது நிர்வாகம். உனக்குப் புரியாது."

அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆளமர்த்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்று மேனேஜரின் ஐந்து கடமைகள். எழுபத்தாறில் மெட்ராஸ் தபால் படிப்பில் தேறிய கையோடு அவனே எழுதி மாட்டியது.

நிர்வாகமாவது ஒன்றாவது, எல்லாம் வஞ்சம். போன ஐப்பசியில் களம் நிறைய அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தபோது ஆதிமூலம் ஊருக்கு மேலே நிற்கும் அண்ணாமலை உச்சியை ஏறிட்டுப் பார்த்து, "மேகம் உச்சியில ஒக்காந்துடுச்சு, வாரிடலாம் சார்" என்றார். வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று சகாதேவன் தடுத்தான். அரைமணி நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது, நெல் அத்தனையும் ஊறி நாறிப்போனது.

"மலையப் பாக்கத் தெரியாதவருக்கு இந்த ஊர்ல இன்னா வேலை?" என்று ரேணுகாம்பாள் கூலியாட்கள் எதிரிலேயே கேட்டுவிட்டார். ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் குனிகிறான் என்று சகாதேவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கிழவனை மில் வாசலுக்கு வெளியே நிறுத்தாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டினான்.

ஆதிமூலம் சொல்லச் சொல்ல நோட்டு நிறைந்தது. தொட்டியில் ஊறப்போடுவது, அவிப்பது, களத்தில் பரப்புவது, துழாவி விடுவது.

"யாரு செய்யறதுன்னு பக்கத்துலயே பேரும் எழுதிக்குங்க சார். அம்மா அதத்தான் மொதல்ல பாப்பாங்க" என்றார் ஆதிமூலம்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான் என்று சகாதேவனுக்கு உள்ளூரக் குஷி. உடனே பெயர்களுக்கென்று ஒரு கோடு போட்டான்.

"நெல்லப் பல்லுல கடிச்சுப் பதம் பாக்கறியே, அத வேற யாரு பாப்பா?"

"பொன்னி பாப்பா சார். நான்தான் கத்துக்குடுத்தேன்."

'பொன்னி' என்று எழுதினான். அவித்த பதம் பார்ப்பதற்கு இருசப்பன், மூட்டை பிரிப்பதற்கு மண்ணாங்கட்டி. ஆதிமூலம் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் வேறு ஓர் ஆள் கிடைத்தது. மலையைப் பார்த்து மழையைச் சொல்லும் பக்குவத்தை மட்டும் கிழவன் மறைப்பான் என்று எதிர்பார்த்தால், அதையும் அவரே சொன்னார்.

"மேகம் மலையத் தாண்டிப் போனா பயமில்ல சார். உச்சியில ஒக்காந்தா உடனே வாரிடணும். அதையும் பொன்னி பாத்துக்குவா."

அப்படியும் சந்தேகம் தீரவில்லை. "மக வீட்டுக்கு ஒரு வாரம் போய்ட்டு வா" என்று ஆதிமூலத்தை அனுப்பிவிட்டு, ஆட்களை நிறுத்தி நோட்டை ஒருமுறை படித்துக் காட்டினான். அதோடு சரி, மில் தன்பாட்டுக்கு ஓடியது.

மூன்றாம் நாள் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்தது. பொன்னி ஒரு குரல் கொடுத்தாள், ஆட்கள் ஓடிவந்து வாரினார்கள். மழை வந்தபோது களத்தில் ஒரு நெல்மணி இல்லை.

அந்த வாரம் முழுவதும் ஒருவர்கூட ஆபீஸ் அறைக்கு வந்து அவனை எதுவும் கேட்கவில்லை. சகாதேவன் ஃபேனுக்கு அடியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, 'தயாரித்தவர்: மேனேஜர் சகாதேவன்' என்று நோட்டின் அட்டையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினான். அவ்வளவு நிம்மதியாக அவன் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை நோட்டையும், அதையே காரணம் காட்டிப் புதிதாக டைப் அடித்த கடிதத்தையும் ரேணுகாம்பாள் முன்னால் வைத்தான். ஊரிலிருந்து திரும்பிய ஆதிமூலம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றார்.

ரேணுகாம்பாள் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். "'செய்முறை நோட்டில் எந்த வேலைக்கும் தங்கள் பெயர் இல்லாததால், தங்கள் சேவை இன்று முதல் மில்லுக்குத் தேவையில்லை.' இது ஒண்ணுதான் காரணமா?"

"இது போதும்மா. நிர்வாகம்னு வந்துட்டா ஆளு மூஞ்சியப் பாக்கக்கூடாது."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும் சரிம்மா."

அவர் நோட்டைப் பிரித்தார். பெயர் வரிசை மீது விரல் கடைசிப் பக்கம் வரை இறங்கியது, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தது.

"பொன்னிக்கும் மத்தவங்களுக்கும் கத்துக்குடுத்தது யாரு?"

"மேஸ்திரிதாம்மா."

"அத எழுதாம விட்டுட்டீங்க" என்று பேனாவை வாங்கி, 'கற்றுக்கொடுப்பது: ஆதிமூலம்' என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து, மேலே இருந்த ஆதிமூலத்தின் பெயரை அடித்தார்.

சகாதேவனுக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப இந்தக் கடுதாசி வேணாமாம்மா?"

"வேணும் தம்பி. நோட்டு அட்டையத் தவிர உள்ள எங்கயும் உங்க பேரு இல்லியே."