உறைமோர்

தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள் சீனியம்மா. எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு முன்னால் இருந்தது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம்.

முத்திருளன். அவளுக்கு எதிர்ச்சாரியில் தயிர்க்கடை போட்டவன். கையில் வெறும் தூக்குவாளி.

கடை போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போதாததற்கு, வருஷக்கணக்காக அவளிடம் தயிர் வாங்கிய சமையல்காரரையும் விலையைக் குறைத்துச் சொல்லி இழுத்துவிட்டான், மகராசன். நாளை மண்டபத்தில் கல்யாணம். பந்திக்கு அவன் தயிர்தான். கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, உறைமோர் கொஞ்சம் வேணும். பால் காய்ச்சி ஆத்தி வச்சிருக்கேன். சந்தைக் கூட்டத்துல உறைக்கு எடுத்து வச்சதையும் சேத்து வித்துட்டேன்க்கா."

அட கூறுகெட்டவனே! தயிர்க்காரன் எவனாவது உறைக்கு வைத்ததை விற்பானா?

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பாக்கெட் தயிரை ஊற்றினால் பால் முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடும். அதைப் பந்தியில் வைக்க முடியாது. விடிந்ததும் சமையல்காரர் அவள் வாசலில்தான் வந்து நிற்பார். அப்புறம் இந்த ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் முத்திருளனைக் கூப்பிட மாட்டார்கள்.

இல்லை என்று அவள் சொல்லக்கூட வேண்டாம்.

குச்சியைக் கிழித்தால் போதும். விளக்கு வைத்த வீட்டிலிருந்து உறைமோர் வெளியே போகாது. ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள், அவன் உட்பட.

அவனும் இந்த ஊர்க்காரன்தானே. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்சம் பிந்தி வந்து தொலைத்திருக்கக் கூடாதா, பாவி!

தீப்பெட்டியை மாடத்தில் வைத்துவிட்டு, வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்து கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த கல்யாணத்துக்கு நானும் வெல கொறச்சுச் சொல்லுவேன். பாத்துக்க."

"சொல்லுங்கக்கா."

வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.

தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம் வந்துவிட்டது. அவள் இருட்டில் நின்று, அவன் எதிர்ச்சாரிக்குப் போய்ச் சேரும்வரை பார்த்தாள்.

"என்ன சீனியம்மா, இன்னும் வெளக்கு வைக்கலையா?" பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

"தீப்பெட்டி நமுத்துப் போச்சு."

சொல்லிவிட்டுக் குச்சியைக் கிழித்தாள். ஒரே உரசலில் பற்றிக்கொண்டது.