லைன்லயே இருங்க சிஸ்டர்

“ஹலோ, மனோகர் அண்ணாவா? வச்சுடாதீங்கண்ணா, அவசரம்! நர்ஸ் ஜெசிந்தா பேசறேன். உங்க ஷெட்டுல சர்வீஸுக்கு விடுவேனே, பழைய ஃபியட்டு, அதுல வைப்பர் ஓடல!”

மறுமுனையில் ஒரே கரகரப்பு. “அம்மா, இது வந்து...” என்று ஆரம்பித்த குரலை ஜெசிந்தா பேச விடவில்லை.

“பூதிகோட்டையில ஒரு புள்ளத்தாச்சி காலையிலேர்ந்து வலியில துடிச்சிக்கினு கீறா. தலைப்பிரசவம். ஆம்புலன்ஸும் ரிப்பேரு. நான்தான் போயாவணும். இந்த மழையில ரோடே தெரியல. இன்னா பண்றதுன்னு சொல்லுங்கண்ணா!”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “லைன்லயே இருங்க சிஸ்டர். ஒரு நிமிஷம்” என்றது குரல்.

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் என்ன ஒரு நிமிஷம்? ஊரிகத்திலிருந்து கிளம்பி கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் வைப்பர் நின்றுவிட்டது. நல்லவேளை, பக்கத்திலேயே சரோஜம்மாவின் டெலிபோன் பூத் இருந்தது. காரை அதன் வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தாள். மதியம் மூன்று மணிதான். ஆனால் ஐப்பசி மழை ஊரையே இருட்டாக்கி வைத்திருந்தது.

“சிஸ்டர்!” குரல் திரும்பி வந்தது. மூச்சு வாங்கியது. “சுவிட்சைப் போட்டா மோட்டார் சத்தம் வருதா, வரலியா?”

போனை சரோஜம்மாவிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். “சத்தமே இல்லண்ணா.”

“ஒரு நிமிஷம்.”

மறுபடியும் காத்திருப்பு. யாரோ வாடிக்கையாளரிடம் பேசுகிறார் போலிருக்கிறது. அங்கே ஓர் உயிர் போராடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியும் இந்த மனுஷனுக்கு வியாபாரம்!

“சிஸ்டர், ஃபியூஸ் பாக்ஸைத் தொறங்க. வைப்பர் ஃபியூஸ் முனையில பச்சையா பாசி புடிச்ச மாதிரி கீதா பாருங்க. நல்லாச் சொரண்டிட்டு மாட்டுங்க.”

பச்சையாகத்தான் இருந்தது. ஹேர்பின்னால் சுரண்டி மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகியது. ஆனால் வைப்பர் கைகள் அசையவில்லை. ஓடி வந்து சொன்னாள்.

“ஒரு நிமிஷம்.”

இந்த முறை தாமதம் இன்னும் அதிகம். திரும்பி வந்தவருக்குப் பேச்சே வரவில்லை, அப்படி இரைத்தது.

“வைப்பர் கையி... அடியில ஒரு நட்டு... லூஸா கீதா?”

“ஆமாண்ணா, சுத்துது! ஆனா ஸ்பேனர் இல்ல. கட்டிங் பிளேயர்தான் கீது.”

“ஒரு நிமி... இருங்க.” மீண்டும் காத்திருப்பு. “பிளேயராலயே இறுக்கிடலாமாம்மா. மெதுவா முறுக்குங்க. அப்புறம் பீடியைப் பிரிச்சி, புகையிலைத் தூளைக் கண்ணாடியில நல்லாத் தேய்ங்க. தண்ணி நிக்காம வழிஞ்சிடும்.”

சரோஜம்மா தன் புருஷனின் பீடிக்கட்டை எடுத்து நீட்டினாள். நட்டு இறுகியது. சுவிட்சைப் போட்டாள். இரண்டு வைப்பரும் கிறீச்சென்று கத்திக்கொண்டே இடமும் வலமுமாக ஓடின. முன்னால் பாதை தெரிந்தது.

“ஓடுதுண்ணா! நீங்க நல்லா இருக்கணும்!” என்று போனில் கத்திவிட்டு ஜெசிந்தா வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. பெண் குழந்தை. தகப்பன் மஞ்சுநாத் கையில் திணித்த மைசூர்பாகு டப்பாவோடு, நேராக ராபர்ட்சன்பேட்டைக்குக் காரை விட்டாள்.

ஷெட்டில் மனோகர் ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

“புடிங்கண்ணா. முதல் ஸ்வீட் உங்களுக்குத்தான். குழந்தை கழுத்துல கொடி சுத்திக்கினு இருந்துச்சு. இன்னும் கால் மணி நேரம் லேட்டாப் போயிருந்தா அவ்ளோதான். நேத்து போன் பேசும்போது மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கினே இருந்தேன். மன்னிச்சிக்குங்க.”

மனோகர் விழித்தார். “நேத்தா? நேத்து ஷெட்டையே தொறக்கலியே சிஸ்டர். மச்சான் கல்யாணத்துக்கு பேர்ணாம்பட்டு போயிருந்தேன். எந்த நம்பருக்குப் பண்ணீங்க?”

சொன்னாள்.

“என் நம்பர் கடைசியில நாப்பத்தி மூணு. நீங்க முப்பத்தி நாலுன்றீங்களே!”

ஜெசிந்தா அங்கிருந்த போனை எடுத்து, முந்தின நாள் சுழற்றிய அதே எண்ணைச் சுழற்றினாள். அவள் ஹலோ சொன்னதுதான் தாமதம், அந்தக் குரல் துள்ளியது.

“சிஸ்டர்தானே? தாயும் புள்ளையும் நல்லா கீறாங்களா? ராத்திரி பூரா இதே நெனப்பு!”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கண்ணா... நீங்க யாரு?” அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “ராங் நம்பர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள புள்ளத்தாச்சின்னுட்டீங்க. வைக்க மனசு வரல. ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு லாரி ஷெட்டு கீது. ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்க் கேட்டுக்கினு வந்து சொன்னேன். என் பேரு முனிசாமி, லேடீஸ் டெய்லரு. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது சிஸ்டர்!”