அந்தப் பாட்டு பிறந்த கதை

வானொலிப் பேட்டியில் பாடகர் தழுதழுத்தார். "மாரடைப்பு வந்து அம்மா என் மடியிலேயே போயிட்டாங்க. அன்னைக்கு எழுதின பாட்டுதான் இது."

தையற்காரி மிஷினை நிறுத்தினாள். "புளுகைக் கேட்டியா? முதல் பேட்டியில பஸ் மோதிச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு புற்றுநோய். இப்போ மாரடைப்பாம்!"

"பிரபலம்னா அப்படித்தான் அளப்பாங்க. நீங்க ஏன்க்கா கொதிக்கிறீங்க?" என்றாள், பட்டன் தைக்க வந்தவள்.

தையற்காரி நிலையத்துக்கு போன் போட்டாள். உடனே லைன் கிடைத்தது.

"சார்கிட்ட என்ன கேக்கணும்மா?" என்று குழைந்தார் அறிவிப்பாளர்.

"அம்மா எதுல செத்தாங்கன்னு ஒரே முடிவா சொல்லச் சொல்லுங்க."

"பெத்தவளைப் பறிகொடுத்தவர்கிட்ட கேக்கிற கேள்வியா இது? நீங்க யாரும்மா?"

"அவன் மூணு தடவை சாகடிச்ச அம்மா! பொணத்தைப் பார்க்கவாவது ஒரு தடவை வீட்டுப் பக்கம் வந்தானான்னு கேளுங்க!"